மல்லிகாவுக்கு, வடகத்தோடு ஒரு கடிதம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்ததில் சந்தோஷம். சின்னவளுக்கு வேலை கிடைத்ததும் நல்ல சேதி. பேரன் இட்லியைத் தொடுவதில்லை, நூடுல்ஸ்தான் கேட்கிறான், நம் சாப்பாடு நம்மோடு போய்விடுமோ என்று எழுதியிருந்தாயே, அது மனதிலேயே நிற்கிறது.

போன வாரம் தங்கை பிள்ளைகளை பாரதி பூங்கா பக்கத்து மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தவை அங்கே இருக்கின்றன. 1945-இல் தொல்லியல் ஆய்வாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைத்தன அல்லவா? அந்த ஜாடிகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறும் வந்திருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் வெளியூர்ச் சாப்பாடு இறங்கியிருக்கிறது!

நம் மீன் குழம்பையே எடுத்துக்கொள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். பண்ருட்டி முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில். நம் தென்னாற்காட்டு மல்லாட்டைக்கும், அதுதான் வேர்க்கடலைக்கும், தென் அமெரிக்காதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறியது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். ஒரு செடி வந்து நம் மானாவாரிக் கொல்லைகளையே மாற்றிவிட்டது.

கடலூர் முதுநகரில் உங்கள் பக்கத்து வீட்டு மாமி திவசத்துக்குச் சமைப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? மிளகாய், தக்காளி, முட்டைக்கோஸ் எதுவும் கிடையாது. மிளகு, சீரகம், வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு. கப்பலில் வந்த காய்களுக்கு அந்த இலையில் இடமில்லை. ஐநூறு வருஷத்துக்கு முந்தைய அடுப்படியை வருஷத்தில் ஒரு நாள் திறந்து காட்டியிருக்கிறார், நமக்குத்தான் அப்போது தெரியவில்லை.

இங்கே வியட்நாமின் சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்களில் விசேஷம் என்றால் நெம் பொரிப்பார்கள். அரிசித் தாளில் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டியது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பாட்டி சமையல். அதனால் நூடுல்ஸ் வருவதில் எனக்குப் பயமில்லை. என் கவலையெல்லாம் கைவேலை போய்விடுவதைப் பற்றித்தான்.

இந்தக் கோடையில் வடகம் போட்டேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து, மொட்டை மாடியில் காய வைப்பது. சாயங்காலம் உருண்டை பிடித்து மூடி வைக்க வேண்டும், காலையில் உதிர்த்து மறுபடி பரப்ப வேண்டும். ஈரம் வற்ற வற்ற உருண்டை கறுத்து இறுகும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிக் காய வைத்து எடுத்தால் ஒரு வருஷம் கெடாது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த மணம் பிடித்துப்போய், வடுவான் என்று தங்கள் சமையலில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் இப்போது போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற பெண்களைக் குறை சொல்ல மாட்டேன், வெயிலுக்குக் காவல் இருக்க அவர்களுக்கு நேரம் ஏது? அதனால்தான் தங்கை மகனை மாடிக்கு அழைத்து உருண்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே பிடிக்கிறான்.

அடுத்த வாரம் தம்பி கோயம்புத்தூர் வருகிறான், பத்து உருண்டை கொடுத்து அனுப்புகிறேன். பேரனுக்கு அந்த நூடுல்ஸிலேயே கொஞ்சம் தாளித்துப் போட்டுப் பார். அப்புறம், உன் அம்மாவின் சுறாப்புட்டு பக்குவத்தை மறக்காமல் எழுதி அனுப்பு. சுறாவை வேக வைக்கும்போதே மஞ்சள் போடுவாரா, உதிர்த்த பிறகா? வெங்காயமும் பூண்டும் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் வசந்தா