சுந்தரி கொண்டுவந்த ஆறுமணிக்குருவி

ஏற்காடு
ஐப்பசி 24

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். இங்கே நான்கு நாளாக மழை விடவில்லை. காபிப் பழம் கீழ்க்கிளைகளில் சிவக்க ஆரம்பித்துவிட்டது. பறிப்புக்கு ஆள் கிடைக்குமா என்று அப்பா கவலையில் இருக்கிறார். இதைப் போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

போன தை மாதம் உன்னைத் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? பால்கனி முழுக்க வலை அடித்து உன் பூனை மிலோவை உள்ளேயே வளர்ப்பதாக வீடியோவில் காட்டினாய். "வாயில்லாத ஜீவனை இப்படி அடைத்து வைக்கிறாயே, பாவம்டா" என்றேன். 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனை எதையும் நீ இருக்கும் கான்பராவில் வெளியே திரிய விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றாய். அதென்ன ஊரோ, அதென்ன சட்டமோ என்று போனை வைத்துவிட்டேன். நீ செய்ததுதான் சரி, கண்ணு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருஷமாக ஐப்பசி வாக்கில் நம் தோட்டத்துக்கு ஓர் ஆறுமணிக்குருவி வரும். நீ இருந்தபோது வந்ததில்லை. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. வால் மட்டும் வெட்டிவிட்டதுபோல் குட்டை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் சீட்டி அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் அடுப்பில் பால் வைப்பேன். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. பெரும்பாலும் இரவில்தான் பறந்து வருமாம். வந்தபின் காபிச் செடிகளின் அடியில் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்றுகொண்டு தரையிலேயே தத்தித் திரியும்.

தரையிலேயே திரிகிற பறவை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை நம் பூனை சுந்தரி அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து சமையலறைப் படியில் வைத்தாள். உயிர் இருந்தது. ரத்தம் இல்லை. பிழைத்துவிடும் என்றே நம்பினேன். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டித் துணியை விரித்து, மூடி, சத்தம் படாத மூலையில் வைத்தேன். மறுநாள் விடியற்காலை தொட்டுப் பார்த்தால் விறைத்துக் கிடந்தது. மாட்டு டாக்டரிடம் சொன்னேன். இறகை விலக்கிப் பார்த்திருந்தால் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை இருந்திருக்கும் என்றார். பூனை வாயில் பாஸ்டுரெல்லா என்றொரு கிருமி உண்டாம். அது ரத்தத்தில் கலந்துவிட்டால் சின்னப் பறவை ஒன்றிரண்டு நாள்கூடத் தாங்குவது கஷ்டமாம். உடனே மருந்து கொடுத்தால்தான் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டாம்.

பசிக்குத்தான் பிடிக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று காலை அவள் மத்தி மீன் பிசைந்த சோறு ஒரு கிண்ணம் தின்றுவிட்டுப் போயிருந்தாள். வயிறு நிறைந்திருந்தாலும் அசைகிற ஒன்றைக் கண்டால் பாய்வது அதன் பிறவிக் குணம். "பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது" என்று உன் பாட்டி சொல்வாள்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பறவைகள் குடிக்கட்டும் என்று மண்சட்டியில் தண்ணீர் வைத்தவள் நான். வைத்த இடம் செம்பருத்திப் புதரின் ஓரம். நிழலாக இருக்கட்டும் என்று வைத்தேன். சுந்தரி ஒளிந்து உட்கார அதைவிட நல்ல இடம் தோட்டத்தில் கிடையாது. இப்போது சட்டியைப் புதரிலிருந்து பத்தடி தள்ளி வெட்டவெளிக்கு மாற்றிவிட்டேன்.

நீ முன்பு அனுப்பி நான் திறக்காமலே விட்ட கட்டுரைகளை அதற்குப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் மட்டும் வெளியே திரிகிற பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பங்கு ஆளில்லாத பூனைகளால். அதைவிட என்னை உலுக்கியது அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா மாட்டிப் பார்த்த ஆராய்ச்சி. பிடித்ததில் நாலில் ஒரு பங்குதான் வீடு வந்து சேர்ந்ததாம். மீதியைத் தின்றுவிட்டன, அல்லது பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டன. இந்த வருஷம் மட்டும் நம் படியிலிருந்து ஒன்பது பறவைகளை நான் எடுத்துப் புதைத்திருக்கிறேன். நாலு சின்னான், இரண்டு தையல்சிட்டு, ஒரு தேன்சிட்டு, ஒரு குண்டுகரிச்சான், இப்போது இது. சின்னான்களில் மூன்று குஞ்சுகள். கூட்டை விட்டு இறங்கிச் சரியாகப் பறக்க வராமல் புதரில் உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு மூன்று நாளில் பிடித்திருக்கிறாள். நான் பார்க்காதது எத்தனையோ என்று நினைத்தால் அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அப்பா, "வைரிப் பருந்து பிடிக்கிறது, பாம்பு முட்டையைக் குடிக்கிறது, இயற்கைதானே" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. தோட்டத்தில் இரை குறைந்தால் வைரி வேறிடம் போகும், இல்லை குஞ்சுகள் குறையும். சுந்தரிக்கு அப்படியா? ஒரு குருவிகூட மிச்சமில்லாமல் போனாலும் இரண்டு வேளைச் சோறு நம் வீட்டில் உண்டு. வைரிக்கு இருக்கிற கணக்கு நாம் சோறு போட்டு வளர்க்கும் பூனைக்கு இல்லை.

அப்பாவின் உண்மையான கவலை எலி. காபி மூட்டையும் மிளகும் இருக்கிற அறைக்குப் பூனை வேண்டுமே என்றார். சரி, ராத்திரி அவளை அந்த அறையிலேயே விட்டுக் கதவைச் சாத்துகிறோம். எலி பிடிக்கட்டும். பகலில் வராந்தா. கோழிவலை வாங்கிப் பக்கங்களை அடைத்தாயிற்று. முதல் மூன்று நாள் கதவைப் பிறாண்டிக் கத்தினாள், கேட்க முடியவில்லை. இப்போது ஜன்னல் திண்டில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறாள். மாலையில் நூலில் துணியைக் கட்டிப் பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டுகிறேன். தினம் ஐந்து பத்து நிமிஷம் விளையாடினாலே பூனை வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 25 சதவீதம் குறைந்ததாகவும், இறைச்சி அதிகமுள்ள தீனி கொடுத்தால் 36 சதவீதம் குறைந்ததாகவும் 2021-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் கண்டிருக்கிறார்கள். மணி கட்டியதில் பெரிய மாற்றம் இல்லையாம். எனக்கும் அதே அனுபவம். சித்திரையில் கட்டிய மணியைக் குலுங்காமல் நடக்க இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டாள்.

இன்னொன்றை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். சுந்தரி இரண்டு ஈற்றில் போட்ட ஏழு குட்டிகளையும் நான் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தேன். நல்லது செய்ததாக நினைத்தேன். போன வாரம் ஒவ்வொரு வீடாக விசாரித்தேன். இரண்டு குட்டிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. செம்மடுவில் கொடுத்த பெட்டை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஆளில்லாத பூனை வானத்திலிருந்து விழுவதில்லை, கண்ணு. என்னைப் போன்ற ஒருத்தி கூடையில் வைத்துக் கொடுத்ததுதான்.

சுந்தரியைச் சேலத்துக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்தாயிற்று. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை கூடைக்குள் அழுதுகொண்டே வந்தாள். தையல் ஆறிவருகிறது. அடுத்த வியாழன் செம்மடுவுப் பூனையையும் கூட்டிப் போகிறேன். அந்த வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள், செலவு என்னுடையது. மற்ற வீடுகளில் பேசிக்கொண்டிருக்கிறேன். நாகலூர்க்கார அக்கா மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

நம் வராந்தாக் கதவைத் திறக்கும்போதெல்லாம் சுந்தரி காலுக்கிடையில் புகுந்து ஓடப் பார்க்கிறாள். நீ இரண்டு கதவு வைத்து ஏதோ செய்திருந்தாயே, அதைப் படம் எடுத்து அனுப்பு. அளவையும் எழுது, ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

மிலோவுக்கு என் அன்பு. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன்
அம்மா