பொதுச் சொல் தேடும் மறையுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஞாயிறு திருப்பலியில் குருக்கள் ஆற்றும் மறையுரையைத் தயாரிப்பது பற்றி வந்த கட்டுரையில், அன்று படிக்கப்படும் மூன்று விவிலிய வாசகங்களுக்கும் (முதல் வாசகம், இரண்டாம் வாசகம், நற்செய்தி) பொதுவான ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரத்தில் மறையுரை தயாராகிவிடும் என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எந்த நாளில் எந்தப் பகுதி படிக்கப்பட வேண்டும் என்று வகுத்துள்ள வாசக நூலை நன்கு அறிந்த தாங்கள் அந்த வரியை எப்படி அச்சேற விட்டீர்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

திருவருகை, தவம் போன்ற சிறப்புக் காலங்களில் சேராத பொதுக்கால ஞாயிறுகளில் அப்படியொரு பொதுச் சொல்லைத் தேடவே கூடாது. முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் அப்படியல்ல. திருத்தூதர்களின் மடல்களில் ஒன்றை, ஒரு திருமுகத்தை, எடுத்துக்கொண்டு வாராவாரம் தன் போக்கில் தொடர்ந்து போகிறது. திருவருகைக் காலம், தவக்காலம், பெருவிழாக்கள் என்றால் வேறு. அங்கே மூன்றும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. பொதுக்கால ஞாயிறுகளுக்கு இந்தக் கருப்பொருள் ஒருமை வேண்டாம் என்று வாசக நூலைத் தொகுத்தவர்கள் முடிவெடுத்தே விட்டிருக்கிறார்கள். வாசக நூலின் 1981-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, 68-ஆம் எண், இதைத்தான் சொல்கிறது. தாங்கள் படிக்காததல்ல.

மூன்றாண்டுச் சுழற்சியில் மாற்கு நற்செய்தி முதன்மையாகப் படிக்கப்படும் மாற்கு ஆண்டின் பொதுக்கால 17-ஆம் ஞாயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நற்செய்தி யோவான் 6:1-15, இயேசு அப்பங்களைப் பலுகச் செய்தது. முதல் வாசகம் 2 அரசர்கள் 4:42-44. இறைவாக்கினர் எலிசா 20 வாற்கோதுமை அப்பங்களை 100 பேருக்குக் கொடுக்கச் சொல்கிறார். உண்டபின் மீதியும் இருக்கிறது. இந்த அருஞ்செயலை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருந்தாலும், அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று குறிப்பிடுபவர் யோவான் ஒருவர்தான். அந்த ஒரு சொல்லில் இரண்டு வாசகங்களும் பூட்டிக்கிடக்கின்றன. அங்கே 20 அப்பம், 100 பேர். இங்கே 5 அப்பம், ஏறக்குறைய 5,000 பேர். இவர்தான் வரவேண்டிய இறைவாக்கினர் என்று 14-ஆம் வசனத்தில் மக்கள் சொல்வது எலிசாவை நினைத்துப் படித்தால்தான் முழுதாக விளங்கும்.

அன்றைய இரண்டாம் வாசகம் எபேசியர் 4:1-6. 15-ஆம் ஞாயிற்றிலிருந்து 21-ஆம் ஞாயிறு வரை ஓடும் தொடரில் அது மூன்றாவது வாரம். அன்று அது வருவதற்கு வேறு காரணம் கிடையாது. அதையும் சேர்த்துக் கட்ட 'ஒற்றுமை' என்று ஒரு சொல்லைப் பிடித்தால், வாற்கோதுமை அப்படியே கைநழுவிப் போகிறது. அந்த 5 அப்பங்களை வைத்திருந்த சிறுவன் கொடுத்ததைப் பார்த்து எல்லாரும் ஒளித்துவைத்திருந்த உணவை வெளியே எடுத்தார்கள் என்று, யோவான் எழுதாத கதை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எபேசியரைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. பேசினால் ஏழு வாரமும் அதைப் பின்தொடர்ந்து பேசுங்கள், அல்லது அன்றைக்கு விட்டுவிடுங்கள். தங்கள் இதழின் மறையுரைக் குறிப்புப் பக்கத்தில் இரண்டாம் வாசகம் வாராவாரம் கடைசி இரண்டு வரியில், நற்செய்திக்கு வால்போல ஒட்டிக்கொண்டு வருகிறது. முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலுக்கு அந்த இரண்டு வரிகூடக் கிடைப்பதில்லை. முதல் வாசகம் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்குப் பல ஞாயிறுகளில் அந்தப் பாடலின் பல்லவியே நல்ல குறிப்பு.

இதைவிட எனக்குப் பழைய குறை, வசன எண்கள். மாற்கு ஆண்டின் 22-ஆம் ஞாயிற்றுக்குத் தங்கள் பக்கம் 'மாற்கு 7:1-23' என்று போட்டது. அன்று திருப்பலியில் வாசிக்கப்படுவது 7:1-8, 14-15, 21-23. நடுவில் விடுபட்ட 9 முதல் 13 வரையில்தான் 'கொர்பான்' வருகிறது: பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி அவர்களைக் கைவிடும் மகன். கடவுளின் கட்டளையைக் கைவிட்டு மனித மரபைப் பற்றிக்கொள்கிறீர்கள் என்று 8-ஆம் வசனம் சாடுகிறதே, அதற்கு இயேசு காட்டும் சான்றே இந்த மகன்தான். இதைப் படிக்காமல் போதிப்பவர், கை கழுவுவதா வேண்டாமா என்பதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிடுவார். 17-ஆம் வசனமும் விடுபட்டிருக்கிறது. அதில் இயேசு கூட்டத்தை விட்டு வீட்டுக்குள் போகிறார். 14-15 மக்கள் கூட்டத்திடம் சொன்னது. 21-23 வீட்டுக்குள் சீடரிடம் சொன்னது. உள்ளத்திலிருந்து வரும் தீமைகளின் பட்டியல், சீடர் கை கழுவாததைக் குறைசொன்ன பரிசேயரை நோக்கியது அல்ல, தம்மோடு இருப்பவர்களை நோக்கியது. மறையுரையின் திசையே இதனால் மாறும். '7:1-23' என்று அச்சிட்டால் எது விடுபட்டது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

ஒரு வாரத்தை மட்டும் பார்த்துத் தயாரிப்பதிலும் இதே ஆபத்துதான். லூக்கா ஆண்டில் 3-ஆம் ஞாயிற்றின் நற்செய்தி லூக்கா 4:21-இல் நிற்கிறது. 4-ஆம் ஞாயிறு அதே வசனத்தில் தொடங்கி, ஊரார் இயேசுவை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போவதுவரை செல்கிறது. முதல் வாரமே மலை விளிம்புவரை பேசிவிட்டவருக்கு அடுத்த வாரம் கைவசம் ஒன்றும் இருக்காது. யோவான் 6-ஆம் அதிகாரமோ மாற்கு ஆண்டில் 17-ஆம் ஞாயிறு முதல் 21-ஆம் ஞாயிறு வரை ஐந்து ஞாயிறுகள் வருகிறது. ஐந்தையும் ஒன்றாகப் படித்துப் பங்கிட்டுக்கொள்ளாமல், முதல் ஞாயிற்றிலேயே நற்கருணையைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, மீதி நான்கு வாரமும் அதையே திருப்பிச் சொல்பவர்கள் எத்தனை பேர்!

திங்கட்கிழமை செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. நற்செய்திப் பகுதியை அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளோடு இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். விளக்கவுரைகளைப் புதன்கிழமைவரை திறக்கக் கூடாது. முதல் நாளே திறந்தால் அந்த உரையாசிரியரின் கேள்விகள்தான் மனத்தில் ஏறும், நம் மக்களின் கேள்விகள் எழாது. வியாழனுக்குள் சொல்லவேண்டியதை ஒரே வாக்கியமாக எழுதிவிட வேண்டும். அந்த வாக்கியத்தில் 'மேலும்' என்ற சொல் வந்தால் இரண்டு மறையுரைகள் கலந்திருக்கின்றன என்று பொருள். கதையோ உவமையோ அதன் பிறகுதான். கதையை முதலில் பிடித்தால் வாசகம் அதற்கு வேலைக்காரனாகிவிடும். தங்கள் பக்கத்துக் குறிப்புகள் எல்லாம் கதையில்தான் தொடங்குகின்றன.

சனிக்கிழமை எழுதும் நாள் அல்ல, வெட்டும் நாள். மறையுரை 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் மாதம் சொன்னதைத் தாங்களும் படித்திருப்பீர்கள். தாளில் 700 சொற்களுக்கு மேல் இருந்தால், நிதானமாகப் பேசுபவரால் அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாது. பெரும்பாலும் முதல் பத்திதான் வெட்டுப்பட வேண்டியது. பேச வந்த விஷயம் இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும்.

நான் கேட்பது இரண்டுதான். குறிப்புப் பக்கத்தை இரண்டு ஞாயிறு முன்னதாக வெளியிடுங்கள். இப்போது வெள்ளிக்கிழமை கைக்கு வரும் இதழில் அந்த ஞாயிற்றின் குறிப்பு இருப்பதால் யாருக்குப் பயன்? வசன எண்களை வாசக நூலில் உள்ளபடியே, இடையிலுள்ள காற்புள்ளிகளோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்