முதல் பருவ நிறைவும் போர்ச்சுகீசிய வீட்டுப்பாடமும்: தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

லிஸ்பனில் நாம் நடத்திவரும் சனிக்கிழமை வகுப்புகளின் முதல் பருவம் இனிதே நிறைவடைகிறது. கலைநிகழ்ச்சியும் ஓவியப் போட்டியும் சிறப்பாக நடந்தேறின. பங்கேற்றவர்களுக்கும் பரிசு பெற்றவர்களுக்கும் பள்ளியின் பாராட்டுகள்.

இத்துடன் போர்ச்சுகீசியத் தொடக்கநிலை வகுப்பு பற்றியும் ஒரு செய்தியைத் தெரிவிக்க விரும்புகிறேன். ஓய்வு நேரத்தில் எப்போதாவது செய்பவற்றை எடுத்துச் சொல்லும் பாடம் அங்கே நடந்து வருகிறது. எதைக் கேட்டாலும் 'செம்ப்ர்', அதாவது எப்போதும் என்றே சொல்லிவந்த பிள்ளைகள், இப்போது சில வேளைகளில் என்பதற்கு 'ஆஷ் வேஸெஷ்' என்றும், மாதம் ஒருமுறை என்பதற்கு 'உம வேஷ் புர் மேஷ்' என்றும் பழகி வருகிறார்கள். சனிக்கிழமைதோறும் செய்வதற்கு 'ஆவ் சாபது', இந்தச் சனிக்கிழமை மட்டும் என்றால் 'நு சாபது' என்ற வேறுபாடும் பெரும்பாலோருக்குப் பிடிபட்டுவிட்டது.

இந்தப் பாடத்துக்காகத் தங்கள் வீட்டுப் பொழுதுபோக்கைப் பற்றிச் சில வாக்கியங்கள் எழுதிவரச் சொல்லியிருந்தோம். வந்த ஏடுகளில் ஏறக்குறைய பாதி வகுப்பு, மாதம் ஒருமுறை மீன்காட்சியகத்துக்கு 'ஓனிபுஸில்' போய் வருகிறது. ஓனிபுஸ் பிரேசில் வழக்கு. இங்கே பேருந்துக்கு 'அவுட்டோகார்ரு' என்றே கற்பித்திருக்கிறோம். பிரேசில் வழக்கு பிழையன்று. ஆனால் நாங்கள் சொல்லித்தராத சொல் அத்தனை ஏடுகளிலும் அதே வரியில் வருமானால், அது கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியிலிருந்து பெற்றோர் வாட்ஸப் குழு வழியாக வந்தது என்பதை ஊகிக்கப் பெரிய துப்பறிவு தேவையில்லை.

அங்கே என்ன மீன் பார்த்தாய் என்று கேட்டபோது ஒரு மாணவர் தலைகுனிந்து நின்றார். தமிழில் கேட்டதும், அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கும் ஞாயிறுகளில் ஆற்றங்கரையில் பந்து விளையாடுவோம் என்று மளமளவெனச் சொன்னார். 'த வேஸ் ஐங் குவாந்து ஜோகு ஆ போல கொங் உ மெவ் பாய்': எப்போதாவது அப்பாவோடு பந்து விளையாடுவேன் என்று பொருள்படும் இந்த ஒரு வரியே அவர் சொன்னதற்குப் போதும். அவருக்குத் தெரிந்த சொற்களே அதில் இருந்தன.

உணவகத்திலும் துப்புரவுப் பணியிலும் இரவு முறை பார்த்துவிட்டு வரும் பெற்றோரின் களைப்பை நாங்கள் அறிவோம். எழுதுவதற்கு நாங்கள் எங்கேதான் போகிறோம் என்று ஒரு தாயார் கேட்டதும் நியாயமே. திரையரங்குக்கு அநேகமாகப் போவதே இல்லை என்பதற்கு 'குவாஸ் நுங்க' என்று எழுதினால், அது முழு மதிப்பெண்ணுக்குரிய விடை. போக விரும்புவோர்க்கு ஒரு தகவல்: போர்ச்சுகலில் வசிப்போர் 2024 ஆகஸ்ட் முதல் அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு ஆண்டில் 52 நாட்கள் கட்டணமின்றிச் செல்லலாம்.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. வீட்டுப்பாட விடைகளைக் குழுவில் பகிர்வதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்த பருவம் முதல், செயலியைப் பார்த்து எழுதிய ஏடுகள் திருத்தப்படாமலேயே திருப்பித் தரப்படும்; எழுதிய ஒவ்வொரு வரியைப் பற்றியும் பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்கப்படும். இதில் விதிவிலக்கு கிடையாது.

பிழையோடு எழுதிய ஏடு எங்களுக்குப் பெரிதும் உதவுகிறது. எதை மீண்டும் நடத்த வேண்டும் என்பதை அதுதான் காட்டுகிறது. குடியுரிமைக்காக ஏ2 எனப்படும் அடிப்படைநிலைப் போர்ச்சுகீசிய மொழித் தேர்வுக்குப் படித்துவரும் பெற்றோர், இதே வாக்கியங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லிப் பார்க்கலாம். தங்களைப் பற்றியும் தங்கள் விருப்பங்களைப் பற்றியும் பேச வேண்டிய பகுதி அந்தத் தேர்விலும் உண்டு.

வாரந்தோறும் தவறாமல் பிள்ளைகளை அழைத்து வருவதற்கும், வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போவதற்கும் ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை வகுப்புகள் மீண்டும் தொடங்கும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்