பெப்டைடு கட்டுரையில் விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரையால் கெட்டுப்போன புரதத்தைப் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி) சரிசெய்யும், முதுமையும் தள்ளிப்போகும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பதினாறு வருஷமாகச் சர்க்கரை நோயோடு இருப்பவன், ஒரு வரி விடாமல் படித்தேன். மறுநாள் காலையில் என் நண்பர் போன் செய்து, "இதைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்சுலின், செமாக்ளூடைட், கார்னோசின் மூன்றையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். மூன்றும் பெப்டைடு வகைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டும் ரத்தச் சர்க்கரையை இறக்கும் மருந்துகள். இரண்டே அமினோ அமிலம் சேர்ந்த கார்னோசின் கடையில் கேப்சூலாக விற்கிற சரக்கு.

புரதம் எப்படிக் கெடுகிறது என்று எழுதியது சரி. 1912-இல் மெயிலார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி சொன்ன வேதிவினைதான், வினையைத் தூண்டிவிட என்சைம் எதுவும் வேண்டாம், குளுக்கோஸ் தானாகவே புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதில் ஒட்டியது அதோடு போய்விடும், அந்தக் கணக்கைத்தான் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்று பார்க்கிறோம். தோலிலும் ரத்தக்குழாயிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் அப்படியில்லை, வருஷக்கணக்கில் கிடக்கும். கண் லென்ஸின் நடுவில் இருக்கும் புரதமோ பிறந்ததிலிருந்து புதுப்பிக்கப்படுவதே இல்லை. அங்கே ஒட்டியது ஒட்டியதுதான், அப்புறம் பக்கத்துப் புரதத்தோடு பின்னிக்கொண்டு விறைத்துவிடும்.

கார்னோசின் குறுக்கே போய்ச் சர்க்கரையைத் தன்மேல் ஒட்டவிட்டுப் புரதத்தைக் காப்பாற்றும் என்பது சோதனைக்குழாயில் பார்த்தது. எலிகளிலும் நல்ல பலன் வந்தது. சரி, மனிதனுக்கு? நம் ரத்தத்தில் கார்னோசினேஸ் என்று ஒரு என்சைம் ஓடுகிறது, விழுங்கிய கார்னோசினை அது சீக்கிரமே இரண்டு துண்டாக்கிவிடும். எலியின் ரத்தத்தில் அது கிடையாது! இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இடமில்லையா?

இதே ஆசையோடு வந்து தடுக்கி விழுந்த மருந்தும் உண்டு. அமினோகுவானிடின், இது பெப்டைடு இல்லை, ஆனால் வேலை இதேதான். சர்க்கரை நோய் வந்த எலிகளின் ரத்தக்குழாய்ப் புரதம் பின்னிக்கொள்வதை அது தடுத்ததாக 1986-இல் செய்தி வந்தபோது பெரிய பரபரப்பு. மனிதர்களிடம் சோதித்தபோது எதிர்பார்த்த பலனும் உறுதியாகவில்லை, பக்கவிளைவு பயமும் சேர்ந்துகொண்டது, மருந்துக்கடைக்கு வரவே இல்லை. கார்னோசினால் சர்க்கரை கொஞ்சம் இறங்கியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணையோ சிறுநீரகத்தையோ காப்பாற்றியதாகக் காட்டிய பெரிய ஆய்வு கிடையாது. நானும் நாலு மாதம் விழுங்கிப் பார்த்தவன்தான், எச்பிஏ1சி இருந்த இடத்திலேயே இருந்தது, அது ஒரு ஆளின் கணக்கு, விடுங்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் விழித்திரையும் சிறுநீரகமும் தப்பும் என்று முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகளிடம் 1993-இலேயே டிசிசிடி என்ற பெரிய ஆய்வு காட்டிவிட்டது. செமாக்ளூடைட் சிறுநீரகத்துக்கு நல்லது செய்வதற்கும் 2024-இல் பெரிய ஆய்வு வந்தாகிவிட்டது. இதெல்லாம் உங்கள் கட்டுரையில் கடைசிப் பத்தியில் ஒரு ஓரமாகக் கிடக்கிறது.

நண்பரிடம் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது, சோதனை எலியிலா மனிதரிலா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்