335-க்குள் ஒரு மைக்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் எபிஃபோன் டாட் எலக்ட்ரிக் கிட்டாருக்குள் சின்னதாக ஒரு மைக் வைக்கலாமா, வைத்தால் அகௌஸ்டிக் கிட்டார் மாதிரி கேட்குமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். அகௌஸ்டிக் மாதிரி கேட்காது. ஆனால் இப்போது உன் கிட்டாரில் இல்லாத ஒரு சங்கதி வந்து சேரும். அது உனக்கு வேண்டுமா என்பதை மரத்தில் ஒரு ஓட்டை கூடப் போடாமல் நீயே கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் வாட்ஸப்பில் அனுப்பாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். நீ மைக் வைக்கப் பார்க்கும் கிட்டாரை வடிவமைத்தவர்கள், பெட்டியின் அதிர்வை அடக்கத்தான் அத்தனை பாடுபட்டார்கள். 1936-இல் வந்த கிப்சன் இ.எஸ்.-150 உள்ளே முழுக்க வெற்றுப் பெட்டி. ஆம்ப்ளிஃபயரை, அதாவது ஆம்பை, ஏற்ற ஏற்றப் பெட்டியும் மேல் பலகையும் சேர்ந்து அதிரும், பிக்அப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) அதை வாங்கி மறுபடி ஆம்புக்கு அனுப்பும், ஊளை ஆரம்பிக்கும். டெட் மெக்கார்ட்டி கிப்சனின் தலைவராக இருந்த காலத்தில், 1958-இல் வந்த இ.எஸ்.-335-இல் இதற்கு மருந்தாக நடுவில் நீளமாக ஒரு மேப்பிள் கட்டையை வைத்தார்கள். பிக்அப்பும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் அதன் மேல் உட்கார்ந்துகொண்டன. இரண்டு பக்கமும் ஒல்லியாக ஓர் அறை, ஆளுக்கொரு எஃப் ஓட்டை (‘f’ எழுத்து வடிவத் துளை). உன் டாட் அதன் வழிவந்ததுதான். அதுவும் போதாமல் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் எஃப் ஓட்டைக்குள் துணியை அடைத்து வாசித்தார். 1980-இல் அவர் பெயரில் வந்த லூசில் மாடலில் எஃப் ஓட்டையே கிடையாது. இத்தனை பேர் அடைக்கப் பார்த்த இடத்தில்தான் நீ மைக்கைக் கொண்டுபோய் வைக்கப் போகிறாய். மேடையில் அது கூவினால் கிட்டார்மேல் கோபப்படாதே.

சரி, மைக்கால் என்ன கிடைக்கும்? உன் கிட்டாரில் இருக்கும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்அப்) கம்பியின் அசைவைத்தான் பிடிக்கிறது. மீட்டும் பிக் கம்பியில் உரசும் ‘சிக்’, விரல் நுனி, மேல் பலகையைச் சுற்றியிருக்கும் காற்று எதுவும் அதில் ஒழுங்காக வராது. காயிலும் கேபிளிலும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் வேகமாக இறங்கிவிடும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கரும் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் பெரிதாக எதையும் தராது. மைக் கொடுப்பது அந்த மேல் பாதியை. அதனால் இதை இன்னொரு பிக்அப்பாக நினைக்காதே, ஹம்பக்கருக்கு மேலே தூவும் உப்பாக நினைத்துக்கொள். தனியாகக் கேட்டால் மெலிசாக, கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கும். அப்படி இருப்பதுதான் சரி.

சோதனை இப்படிச் செய். யூடியூப் எடுப்பவர்கள் சட்டையில் மாட்டுகிற காலர் மைக் ஒன்றைக் கடன் வாங்கு. கிளிப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் ஸ்பாஞ்ச் சுற்றி, தடித்த கம்பிகள் இருக்கும் பக்கத்து எஃப் ஓட்டை வழியாக உள்ளே இறக்கு. வயரை வெளியே டேப் போட்டு ஒட்டு. லேப்டாப்பில் இரண்டு டிராக்: ஒன்றில் பிக்அப், மற்றதில் மைக். முதலில் மைக்கை அறையின் நடுவில் வைத்து வாசி, அப்புறம் எஃப் ஓட்டையின் விளிம்புக்கே கொண்டுவந்து வாசி. நடுவில் வைத்தால் குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி ‘பொம்’மென்று கேட்கும். அந்த அறை தன் சொந்தச் சுருதியில் அதிரும்போது காற்றழுத்தம் உள்ளேதான் அதிகம், ஓட்டையருகே குறைவு. அழுத்தத்தை அளக்கும் மைக்கை விளிம்பருகே வைத்தால் ‘பொம்’ பாதி அடங்குவது இதனால்தான். இரண்டு விரல் தூரம் நகர்த்தினாலே வேறு கிட்டார் மாதிரி இருக்கும். காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே செலவழி. சட்டைக்கை மேல் பலகையில் உரசுவது, பிக்அப் சுவிட்சின் ‘டக்’ எல்லாம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஸ்பாஞ்ச் தடிமன் ஏன் முக்கியம் என்று நான் விளக்கவே வேண்டியிருக்காது.

அதே ரெக்கார்டிங்கில் மைக் டிராக்கின் அலையை மேல் கீழாகப் புரட்டியும் (போலாரிட்டி இன்வர்ட்) கேட்டுப்பார். பிக்அப்பும் மைக்கும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்வது இங்கே சகஜம். ஒரு கணக்குக்கு, கம்பியிலிருந்து மைக் 10 செ.மீ. தள்ளி இருந்தால் சத்தம் காற்றில் வந்து சேர 0.3 மில்லி செகண்ட் ஆகும். சம அளவில் கலந்தால் 1,700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். மைக்கைக் குறைவாகக் கலந்தால் பள்ளமும் ஆழமில்லாமல் போகும்.

கேட்டுப்பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் மேலே படி.

திசை பார்த்துக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பணம் கொட்டாதே. பெட்டிக்குள் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, திசைக்கு அங்கே வேலையில்லை. எல்லாப் பக்கமும் கேட்கும் சாதா எலக்ட்ரெட் கேப்சூல் (மைக்கின் குட்டித் தலைப்பகுதி) போதும். 1962-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய அதே வகைதான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. சென்னையில் ரிட்சி தெருவில் இதற்காக ரொம்பத் தேட வேண்டியிருக்காது. நாலைந்து சேர்த்து வாங்கிக்கொள். சால்டரிங் சூடு கொஞ்சம் கூடினாலும் செத்துவிடும் சாமான் இது. அடியில் இரண்டு புள்ளிகள் இருக்கும், உலோகக் கூட்டோடு சேர்ந்திருப்பதுதான் கிரவுண்ட்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் பேட்டரி. மைக்குக்கு மின்சாரம் வேண்டும் என்றதும் 9 வோல்ட் பேட்டரியையும் ப்ரீஆம்பையும் (மைக்கின் சன்னமான சத்தத்தை முதலில் பெரிதாக்கும் சர்க்யூட்) கிட்டாருக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். 335 வகையில் பின்பக்கம் மூடியே கிடையாது. உள்ளே போகிற எல்லாமே எஃப் ஓட்டை வழியாகவோ பிக்அப் குழி வழியாகவோதான் போக வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கச்சேரி நடுவில் என்ன செய்வாய்? என் கட்சி, உள்ளே கேப்சூலும் வயரும் மட்டும் போகட்டும். எலக்ட்ரெட்டுக்கு மின்சாரமும் சத்தமும் ஒரே வயரில் போய்வரும் என்பது நமக்கு வசதி. உன் மோனோ ஜாக்கைக் கழற்றிவிட்டு ஸ்டீரியோ ஜாக் போடு. நுனியில் பழையபடி பிக்அப், நடு வளையத்தில் மைக். தரையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி, அதில் 9 வோல்ட் பேட்டரி. அங்கிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைக்குக்கு மின்சாரம். மைக் சத்தம் 6.8 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக 100 கிலோ ஓம் உள்ளீட்டுத் தடை உள்ள அடுத்த கட்டத்துக்குப் போகட்டும். இந்த மதிப்புகளில் சுமார் 210 ஹெர்ட்ஸுக்குக் கீழே மைக் தானாக இறங்கிவிடும். அடிக் கம்பியின் 82 ஹெர்ட்ஸை ஹம்பக்கர் பார்த்துக்கொள்ளும். எல்.ஆர். பேக்ஸ் கம்பெனியின் ஆந்தம் என்ற அகௌஸ்டிக் பிக்அப்பிலும் இதே தந்திரம்தான்: 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேறு பிக்அப், மேலே மைக்.

இதில் இன்னொரு லாபம், சாதாரண மோனோ கேபிளைச் சொருகினால் மைக் வளையம் கிரவுண்டோடு சேர்ந்து ஊமையாகிவிடும், கிட்டார் பழைய கிட்டாராகவே இருக்கும். விற்கும்போதும் யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டையும் கிட்டாருக்குள்ளேயே ஒரு வால்யூம் குமிழில் கலக்கும் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கும். வேண்டாம். ப்ரீஆம்பின் வெளியீடு பிக்அப்பின் மேல் சுமையாக உட்கார்ந்து, நல்ல ஹம்பக்கரையும் மந்தமாக்கிவிடும். பிக்அப் உன் ஆம்புக்கு, மைக் மிக்ஸருக்கு, தனித்தனியாகப் போகட்டும். ஆம்பும் மிக்ஸரும் கிரவுண்டு வழியே சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் மைக் பக்கம் டிரான்ஸ்பார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் (மிக்ஸருக்கு முன்னால் வைக்கும் இணைப்புப் பெட்டி) போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டு. மேடையில் உன்னைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் மைக் வேண்டவே வேண்டாம் என்று சவுண்ட்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு. பக்கத்தில் டிரம்ஸ் இருந்தால் ஸ்னேர் நேராக எஃப் ஓட்டைக்குள் வந்துவிடும், அந்தப் பாட்டுகளுக்கு மைக்கை அணைத்துவிடு. என்னைக் கேட்டால் இது ரெக்கார்டிங்குக்கும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிக்கும்தான்.

இன்னொன்று, தடித்த கம்பிப் பக்கத்து அறைக்கு வயர் போக வேண்டுமென்றால் நடுக் கட்டையைத் தாண்ட வேண்டும். வால்யூம், டோன் குமிழ்களும் ஜாக்கும் மெல்லிய கம்பிப் பக்கம்தான் இருக்கின்றன. பிக்அப்பைக் கழற்றி அந்தக் குழியின் பக்கச் சுவரில் நீள டிரில் பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டால் வெளியே தெரியாது. மனசு வரவில்லையா, மெல்லிய கம்பிப் பக்கமே வைத்துக்கொள், சுவிட்ச் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். ஜாக்கைக் கழற்றும் முன் அதன் முனையில் ஒரு தடித்த நூலைக் கட்டி, மறுமுனையை ஜாக் ஓட்டைக்கு வெளியே டேப் போட்டு வை. புது ஜாக்கை அதே நூலில் கட்டி இழுத்தால் தானாக இடத்துக்கு வந்துவிடும். நூலில்லாமல் எடுத்துவிட்டால் எஃப் ஓட்டை வழியே வளைந்த கம்பியை விட்டு ராத்திரி முழுக்கத் துழாவ வேண்டியதுதான்.

அன்புடன்,
அண்ணன்