ஆய்வகக் கணினியில் விண்டோ மேனேஜரை மட்டும் மாற்ற: கிருஷ்ணகிரித் தம்பிக்கு ஒரு கடிதம்

தருமபுரி

அன்புள்ள தம்பிக்கு,

கல்லூரி ஆய்வகத்துப் பழைய கணினிகளில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருக்கிறாய். அதோடு வரும் விண்டோ மேனேஜரை (விண்டோக்களுக்குத் தலைப்புப் பட்டை போட்டு, எங்கே திறப்பது, எப்படி நகர்த்துவது என்று கவனிக்கும் நிரல்; இங்கே எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4) எடுத்துவிட்டு ஓப்பன்பாக்ஸ் என்ற இன்னொன்றை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வைக்கலாம். ஆனால் நீ சொன்ன இரண்டு காரணங்களில், வேகம், பிள்ளைகளின் குளறுபடி, ஒன்றுதான் தேறும்.

வேகத்துக்காக மாற்றுகிறாய் என்றால் மாற்றாதே. 2 ஜிபி நினைவகக் கணினியில் பிரவுசர் நாலு டேப் திறந்ததும் பாதி நினைவகம் போய்விடும். விண்டோ மேனேஜர் தின்பதெல்லாம் அதன் பக்கத்தில் உப்புக்குக் காணாது. விண்டோவை இழுக்கும்போது திணறுகிறது என்பதுதான் குறை என்றால், அது பெரும்பாலும் நிழல், ஒளிபுகும் தன்மை போன்றவற்றை வரையும் கம்போசிட்டரின் வேலை. அமைப்புகளில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' திறந்து, கம்போசிட்டர் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடு. அரை நிமிட வேலை. இதிலேயே குறை தீர்ந்தால் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

இரண்டாவது காரணம் நியாயமானது. பயிற்சி நடக்கும்போது பிள்ளைகள் விண்டோவை மூடுவதும், சுருக்குவதும், வேறு ஒர்க்ஸ்பேஸுக்குத் தள்ளிவிட்டு 'காணோம் சார்' என்பதும். எந்த நிரல் எப்படித் திறக்க வேண்டும், எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி வைக்க ஓப்பன்பாக்ஸில் வசதி உண்டு.

சந்தூர்ப் பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பாய். வேர் நாட்டுச் செடியுடையது, மேலே கட்டும் குச்சி நமக்கு வேண்டிய ரகம். இங்கும் அதே கதைதான். வேர் என்பது எக்ஸ் சர்வர். 1984-இல் எம்ஐடியில் தொடங்கி 1987-இல் 11-ஆம் பதிப்பாக நிலைபெற்ற காலத்திலிருந்தே அதன் கொள்கை, திரையில் வரைய வழி செய்து கொடுப்பதோடு நிற்பது. தலைப்புப் பட்டை எப்படி இருக்க வேண்டும், விண்டோ எங்கே திறக்க வேண்டும் என்பதையெல்லாம் வெளியே ஒரு தனி நிரலிடம் விட்டுவிட்டார்கள். சர்வரைப் பொறுத்தவரை விண்டோ மேனேஜரும் பிரவுசரைப் போல இன்னொரு க்ளையன்ட், அதாவது அதனிடம் வேலை கேட்டு வரும் நிரல். ஒரே வேறுபாடு, எல்லாவற்றுக்கும் அடியில் திரை முழுக்க இருக்கும் ரூட் விண்டோவின் மேல் புதிய விண்டோக்களை இடைமறிக்கும் உரிமையை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் சர்வர் தரும். இரண்டாமவர் கேட்டால், ஏற்கெனவே ஒரு விண்டோ மேனேஜர் ஓடுகிறது என்று பிழை வருவது இதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை மூடாமலேயே மேனேஜரை மாற்ற முடிவதும் இதே அமைப்பால்தான்.

இது எக்ஸில் ஓடும் செஷனுக்கு (லாக்இன் முதல் லாக்அவுட் வரை ஓடும் டெஸ்க்டாப்புக்கு) மட்டும் பொருந்தும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் கம்போசிட்டரே சர்வர், அதுவே விண்டோ மேனேஜர். வேரும் குச்சியும் ஒன்றாகிவிட்ட இடத்தில் ஒட்டுக் கட்ட முடியாது. டெபியன் 12-இன் எக்ஸ்எஃப்சிஇ எக்ஸில்தான் ஓடுகிறது என்பதால் உனக்குக் கவலையில்லை. வேலண்டில் ஓடும் க்னோம் டெஸ்க்டாப் போட்ட கணினி ஏதாவது இருந்தால் அதைத் தொடாதே.

இனிக் கட்டளைகளை ஒலித்தபடி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள். டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக ஓப்பன்பாக்ஸ், அதன் அமைப்புகளை மாற்றும் ஓபிகான்ஃப், எந்த மேனேஜர் ஓடுகிறது என்று காட்டும் டபிள்யூஎம்சிடிஆர்எல் மூன்றையும் நிறுவு. பிறகு ஆல்ட், எஃப்2 அழுத்தி வரும் பெட்டியில் 'ஓப்பன்பாக்ஸ் --ரீப்ளேஸ்' என்று கொடு. டெர்மினலில் இருந்தும் கொடுக்கலாம், ஆனால் அந்த டெர்மினலை மூடினால் ஓப்பன்பாக்ஸும் கூடவே போய், எல்லா விண்டோவும் தலைப்புப் பட்டை இல்லாமல் மொட்டையாக நிற்கும். தலைப்புப் பட்டையின் தோற்றம் மாறியதா என்று பார். சந்தேகமிருந்தால் 'டபிள்யூஎம்சிடிஆர்எல் -எம்' அடித்தால் முதல் வரியில் பெயர் வரும். பேனல், டெஸ்க்டாப் ஐகான்கள், வால்யூம் எல்லாம் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை மேனேஜரின் வேலை அல்ல. அமைப்புகளில் 'விண்டோ மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால், இப்போதுள்ள மேனேஜரோடு இந்த அமைப்புகள் வேலை செய்யாது என்று சொல்லும். அது பிழை அல்ல.

இந்த மாற்றம் லாக்அவுட் வரைக்கும்தான். நிரந்தரமாக்க, எக்ஸ்எஃப்சிஇ செஷன் முதலில் எதைத் தொடங்குகிறது என்பதை மாற்ற வேண்டும். 'எக்ஸ்எஃப்கான்ஃப்-க்வெரி -சி எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் -பி /செஷன்ஸ்/ஃபெயில்சேஃப்/க்ளையன்ட்0_கமாண்ட் -டி ஸ்ட்ரிங் -எஸ் ஓப்பன்பாக்ஸ் -ஏ'. ஃபெயில்சேஃப், க்ளையன்ட், கமாண்ட் மூன்றுக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து. கடைசி '-ஏ' முக்கியம். அந்த இடத்தில் இருப்பது ஒற்றைச் சொல் அல்ல, ஒரு பட்டியல். ஒரே உறுப்பு இருந்தாலும் பட்டியல்தான் என்று அதுதான் சொல்கிறது. எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால் திருத்தலாமே என்று தோன்றும். லாக்இன் ஆகியிருக்கும்போது திருத்தினால், அமைப்புகளை வைத்துக்கொண்டு பின்னால் ஓடும் எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்ற நிரல் தன் நினைவில் உள்ளதை மறுபடி எழுதி உன் திருத்தத்தை அழித்துவிடும்.

நிறைய பேர் இடறுவது இதற்கு அடுத்த படியில். மேலே மாற்றியது ஃபெயில்சேஃப் செஷன், அதாவது சேமித்தது எதுவும் இல்லாதபோது எடுப்பது. சேமித்த செஷன் ஒன்று இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ அதைத்தான் எடுக்கும், ஃபெயில்சேஃபைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாம் சரியாகச் செய்தும் மறுநாள் காலையில் பழைய மேனேஜரே வந்து நிற்கும். வீட்டு அடைவில் டாட் கேச் (.cache) உள்ளே இருக்கும் செஷன்ஸ் அடைவைக் காலி செய். லாக்அவுட்டில் செஷனைத் தானாகச் சேமிக்கும் டிக்கையும் எடு. ஆய்வகம் முழுக்கத் தடுக்க /ஈடிசி/எக்ஸ்டிஜி/எக்ஸ்எஃப்சிஇ4/கியாஸ்க்/ கீழ் கியாஸ்க்ஆர்சி என்ற கோப்பில், எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் என்று சதுர அடைப்பில் தலைப்பிட்டு, அடுத்த வரியில் சேவ்செஷன்=நன் என்று எழுது. நன் நாலு எழுத்தும் பெரிய எழுத்து.

லாக்இன் திரையில் 'ஓப்பன்பாக்ஸ்' என்று தனியாக ஒரு செஷன் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓப்பன்பாக்ஸில் பேனல் இல்லை, நெட்வொர்க் ஐகான் இல்லை, பென்டிரைவ் திறக்கவில்லை என்று அதைத் திட்டுகிறவர்கள் ஏராளம். அங்கே மாறியது மேனேஜர் மட்டும் அல்ல, முழு செஷனும் போய்விட்டது. பேனல், நிர்வாகி அனுமதி கேட்கும் பாலிசிகிட் ஏஜென்ட், பவர் மேனேஜர் எல்லாவற்றையும் நீயே டாட் கான்ஃபிக்/ஓப்பன்பாக்ஸ்/ஆட்டோஸ்டார்ட் கோப்பில் எழுத வேண்டும். ஒரு வரியின் கடைசியில் & குறியை மறந்தால் அந்த நிரல் முடியும்வரை அடுத்த வரி ஓடாது. ஆய்வகத்துக்கு இந்த வழி வேண்டாம்.

இப்போது விதிகள். /ஈடிசி/எக்ஸ்டிஜி/ஓப்பன்பாக்ஸ்/ஆர்சி.எக்ஸ்எம்எல் எல்லோருக்கும் பொது. மாணவர் கணக்கில் டாட் கான்ஃபிக்/ஓப்பன்பாக்ஸ் உள்ளே அதே பெயரில் கோப்பு இருந்தால் அதுதான் செல்லும். அந்த அடைவைக் கவனித்துக்கொள். பொதுக் கோப்பில் முதலில் டெஸ்க்டாப் (மேலே சொன்ன ஒர்க்ஸ்பேஸ்தான்) எண்ணிக்கையைத் தேடு. 4 என்று இருக்கும், 1 ஆக்கு. நாலாக இருந்தால், டெஸ்க்டாப்பின் மேல் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே அடுத்த டெஸ்க்டாப்புக்குத் தாவிவிடும். உன் 'காணோம் சார்' புகாரில் பாதி இதிலேயே அடங்கும். விசைகளில் ஏ என்பது ஆல்ட், சி கன்ட்ரோல், எஸ் ஷிஃப்ட், டபிள்யூ சூப்பர். ஏ-எஃப்4 விசைக்கான பகுதியை எடுத்துவிட்டால் ஆல்ட் எஃப்4 செத்துவிடும். டபிள்யூ-இ, கேடிஇயின் கோப்பு உலாவியைக் கூப்பிடும்படி வருகிறது, உன் கணினியில் அது இருக்காது. அங்கே எக்ஸ்எஃப்சிஇயின் கோப்பு உலாவியான துனார் என்று மாற்று.

நிரல்வாரி விதிக்கு முதலில் 'ஓபிஎக்ஸ்ப்ராப்' ஓட்டி, வேண்டிய விண்டோவைக் க்ளிக் செய். ஆப்_க்ளாஸ் என்று முடியும் வரியில் வருவதை, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல், அப்ளிகேஷன் உறுப்பின் க்ளாஸில் எழுதி, உள்ளே மேக்ஸிமைஸ்ட், யெஸ் என்று வை. டைப் நார்மல் என்பதையும் கட்டாயம் சேர்த்துவிடு. இல்லாவிட்டால் அந்த நிரலின் 'சேமி' பெட்டியும் திரை முழுக்க விரிந்து நிற்கும். பிரவுசரிடம் மட்டும் இது முழுதாகப் பலிக்காது. தலைப்புப் பட்டையை அதுவே வரைந்துகொள்கிறது, மூடும் பொத்தானும் அதனுடையது. அதற்கு '--கியாஸ்க்' என்று சேர்த்துத் திறப்பதுதான் வழி. கோப்பைச் சேமித்ததும் 'ஓப்பன்பாக்ஸ் --ரீகான்ஃபிகர்' போதும், லாக்அவுட் வேண்டாம்.

தலைப்புப் பட்டை எழுத்து அளவு 8 என்று வருகிறது. ஆங்கிலத்துக்குச் சரி, தமிழில் புள்ளியும் கொம்பும் தெரியாது. எழுத்துரு வரும் இடங்கள் எல்லாவற்றிலும் 10 ஆக்கு. பெயரை 'சான்ஸ்' என்றே விட்டுவிடு. உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கு, கன்னடக் கோப்புகளும் திறப்பார்கள், பொருத்தமான எழுத்துருவைக் கணினியே எடுத்துக்கொள்ளும். இந்த இடத்தில் ஓப்பன்பாக்ஸ் நல்ல தேர்வு. அது எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் பாங்கோ வழியாக எழுதுவதால் 'கொ', 'கௌ' ஒழுங்காகச் சேரும். டிடபிள்யூஎம் என்ற வேறொரு மேனேஜர் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது, கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று கிடக்கும். ஐ3 என்ற இன்னொரு மேனேஜரில் எழுத்துரு வரியில் 'பாங்கோ:' என்று முன்னால் சேர்த்தால் சரியாகும்.

தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வைத்திருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. டெபியனில் லாக்இன் மேனேஜர் வழியாக வரும் செஷனில் ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவி அதைத் தொடங்கிவிடும். லாக்இன் திரை இல்லாமல் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை வழியாக, சொந்தமாக எக்ஸ்இனிட்ஆர்சி தொடக்கக் கோப்பு எழுதி உள்ளே வருகிறவர்களுக்குத்தான் திடீரென்று தமிழ் வராமல் போகும்.

ஏதாவது கெட்டுத் திரை மொட்டையாக நின்றால், கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி, அதே பயனராக லாக்இன் செய். 'டிஸ்ப்ளே=:0 எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 --ரீப்ளேஸ் &' என்று அடித்துவிட்டு, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்7 அழுத்தித் திரும்பி வா. டிஸ்ப்ளே எல்லாம் பெரிய எழுத்து. நிரந்தரமாகப் பழையதற்கே போக, மேலே சொன்ன க்வெரியில் '-பி' பகுதி வரை அப்படியே வைத்து, மீதியை நீக்கி '-ஆர்' என்று முடி. இந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவிட்டு, முதலில் ஒரே ஒரு கணினியில் தொடங்கு.

அன்புடன்,
தருமபுரி அண்ணன்