முதலில் சாவியை இறக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

பரணை ஒழித்தபோது தாத்தாவின் கேரார்ட் புத்தகம் அகப்பட்டது. 1903-இல் லண்டனில் வெளிவந்த அதே வாட்ச் ரிப்பேர் புத்தகம்தான். முதுகுத் துணி உரிந்துவிட்டது. உள்ளே படங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கிலீஷ் வாட்ச், வெளிநாட்டு வாட்ச், மணியடிக்கும் ரிப்பீட்டர், கப்பல் குரோனோமீட்டர் என்று ஒன்றையும் அந்த மனிதர் விடவில்லை. தாத்தா இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். படங்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் பிடித்தார். எட்டு வயதில் நீ அதைப் பார்த்து வரைந்த பல்சக்கரம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஒரு பல்கூடப் பிசகவில்லை. அப்படிப்பட்ட கை உனக்கு. அந்தக் கைக்கு ஐந்து வாரமாகப் போனை எடுக்க நேரமில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் உன் மாமனாரைப் பார்த்தேன். தக்காளி வாங்க நின்றவர் வாங்காமலே திரும்பிப் போய்விட்டார். என்னைக் கவனித்திருக்க மாட்டார். மருமகளும் அங்கே நலம்தானே? வேளைக்குச் சாப்பிடு.

புத்தகத்தின் ஓரத்தில் ஓரிடத்தில் தாத்தா, 'முதலில் சாவியை இறக்கு' என்று பென்சிலால் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். சாவி கொடுக்கும் கிரவுனை விரலால் பிடித்துக்கொண்டு, முறுக்கு அவிழாமல் தடுக்கும் கிளிக்கை விலக்கி, மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கு மெல்லத் தளர்ந்த பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். முறுக்கு இருக்கும்போதே, சக்கர ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து விடும் பாலட்டைக் கழற்றினால் சக்கரங்கள் ஒரே ஓட்டமாக ஓடும். அச்சின் மெல்லிய நுனியான பிவட் ஒடிந்துபோகும்.

அந்தக் கோடுகளைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹெட்மாஸ்டர் வாட்ச் நினைவிருக்கிறதா? நீ தொட்டுத்தான் ஒடிந்தது என்று கடை வாசலில் நாலு பேர் பார்க்க உன்னை அடித்தேன். முறுக்கை இறக்காமல் பாலட்டைக் கழற்றியவன் நான். நீ பள்ளிவிட்டு வருவதற்கு முன்பே பிவட் போய்விட்டது. அவர் எதிரில் நின்றபோது உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றோடு நீ பெஞ்சுப் பக்கம் வருவதை விட்டாய். என்னிடம் எதையும் சொல்வதையும் விட்டாய். இது அம்மாவுக்கும் தெரியாது.

புத்தகத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஈரம் படாமல் வை.

இந்த வெள்ளிக்கிழமையும் நான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மாமனார் எதிரில் வந்தால் என்ன பேசுவது என்று மட்டும் எழுது.

அப்பா